கொமாட்சு சாக்யோவைத் தீர்க்கதரிசி ஆக்காதீர்கள்

ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வந்தால் போதும், யாராவது அந்நாட்டு அறிவியல் புனைகதை எழுத்தாளர் கொமாட்சு சாக்யோ பெயரை இழுத்து வந்துவிடுகிறார்கள். ‘நாடே மூழ்கும் என்று அன்றைக்கே எழுதினார் பாருங்கள்!’ கொரோனா வந்தபோதும் இதே பாட்டுதான். கிருமியால் மனித இனம் அழிகிற நாவலை 1964-லேயே எழுதியவர் ஆயிற்றே. பாராட்டு மாதிரிதான் தெரியும். எனக்கோ அந்த மனிதரைப் பஞ்சாங்கக்காரராகச் சுருக்குகிற வேலை என்று படுகிறது.

1931-ல் ஒசாகாவில் பிறந்தவர். போர் முடிந்தபோது வயது 14. நாட்டோடு சேர்ந்து ஒருவர் மிச்சமில்லாமல் சாவோம் என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த பையன். 1961-ல் ‘எஸ்எஃப் மேகசின்’ என்ற அறிவியல் புனைகதை இதழின் போட்டிக்கு எழுதிய கதையில் ஜப்பான் சரணடைந்திருக்காது. ஒரு சிறுவன் துப்பாக்கியோடு மலையில் தனியாக அலைவான். என்னைக் கேட்டால், அவர் கடைசிவரை எழுதியது அந்தச் சிறுவனைத்தான்.

அதற்கு முன் மனிதர் பார்க்காத வேலை இல்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இத்தாலிய இலக்கியம், மாங்கா, அணுசக்திப் பத்திரிகையில் நிருபர் வேலை, வானொலிக்கு நகைச்சுவை உரையாடல். வீட்டில் ரேடியோ இல்லாமல் போனபோது மனைவிக்குப் பொழுதுபோக எழுதிக்கொடுத்த கதைதான் வளர்ந்து முதல் நாவலானது: ஒசாகாவில் குண்டுவீச்சில் நாசமான ஆயுதத் தொழிற்சாலையில் இரும்பைத் தின்று வாழும் கூட்டத்தின் கதை.

அப்புறம் ‘ஜப்பான் மூழ்குகிறது’: நிலநடுக்கமும் எரிமலையுமாக நாடே கடலுக்குள் போய்விடும் நாவல். 1964-ல் தொடங்கி 9 வருடம் எழுதினார். தீவுகளின் எடையைக் கணக்குப்போட, அந்தக் காலத்தில் கொள்ளை விலை விற்ற மின்னணுக் கால்குலேட்டரை வாங்கினார். 1973-ல் இரண்டு தொகுதிகளாக வந்து சுமார் 40 லட்சம் பிரதிகள் விற்றது. அதே ஆண்டே சினிமாவும் வந்துவிட்டது.

எல்லோரும் நிலநடுக்கக் காட்சிகளைத்தான் சொல்வார்கள். எனக்கு மறக்காதது வேறு. நாட்டை இழக்கப்போகும் மக்களை என்ன செய்வது என்று மூன்று அறிஞர்களிடம் திட்டம் கேட்கிறார்கள். புது நாடு அமைப்பது, பிற நாடுகளோடு கலப்பது என்று எழுதுகிறார்கள். ஆனால் மூவருக்கும் மனதில் இன்னொன்றும் தோன்றுகிறது: ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது நல்லது! 14 வயதில் கேட்ட அதே முழக்கம், இப்போது சான்றோர் வாயில், நிதானமான குரலில். எனக்கு முதுகு சில்லிட்ட இடம் அது.

நாவலின் முடிவில் ‘முதல் பாகம் முற்றும்’ என்று இருக்கும். மண் போன பிறகு ஜப்பானியர் யார் என்பதுதான் அவருக்கு வேண்டிய கேள்வி. தீவை மூழ்கடித்ததே அதற்காகத்தான். அந்த இரண்டாம் பாகம் 2006-ல்தான் வந்தது, அதுவும் தானி கோஷூ என்ற இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து. நடுவில் ‘சயோனரா ஜூபிடர்’ என்ற விண்வெளி சினிமாவுக்கு அவர் கொட்டிய உழைப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

1995-ல் கோபே நிலநடுக்கத்தில் உயர்த்திக் கட்டிய நெடுஞ்சாலை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஜோசியராக இருந்திருந்தால் ‘நான்தான் சொன்னேனே’ என்று காலரைத் தூக்கிவிட்டிருக்கலாம். இவரோ விழாது என்று நிபுணர்கள் சொன்னது எப்படி விழுந்தது என்று கேட்டுக்கொண்டு, ‘மைனிச்சி’ நாளிதழில் மாதக்கணக்கில் தொடர் எழுதினார். அது முடிந்தபின் மனச்சோர்வில் விழுந்து, வெகுகாலம் எழுத முடியாமல் கிடந்தார்.