தளபதியைத் தடுக்கிறார்கள், அதிபரை விட்டுவிடுகிறார்கள்

ஆப்பிரிக்கா என்றாலே ராணுவ ஆட்சிதான் என்று பேசுபவர்களுக்கு நான் காம்பியாவைச் சொல்வேன். அங்கே ஓட்டுப் போடுவது கோலிக்குண்டில். ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவருடைய நிறத்தில் ஒரு டிரம். குழாய்க்குள் குண்டைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். இரண்டு தரம் அடித்தால் கள்ள ஓட்டு என்று வெளியே இருக்கும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். எண்ணுவதற்குக் குழி வைத்த தட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம்.

2016 டிசம்பர் 1 அன்று அந்தக் குண்டுகள், 22 வருடம் ஆண்ட யஹ்யா ஜாமேயைத் தோற்கடித்தன. ஜெயித்தவர் அடாமா பாரோ. தோல்வியை ஒப்புக்கொண்ட ஜாமே, ஒரே வாரத்தில் முடிவு செல்லாது என்று மாற்றிப் பேசினார். உடனே மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் களத்தில் இறங்கியது. லைபீரியா, நைஜீரியா, சியரா லியோன், கானா அதிபர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். அதில் கானாவின் மஹாமா அப்போதுதான் தன் நாட்டில் தோற்று, அதை ஒப்புக்கொண்டு வந்திருந்தார். தோற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யார்? ஜனவரி 19-ல் பாரோ செனகல் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். செனகல் தலைமையிலான படை எல்லையைத் தாண்டியது. இரண்டே நாளில் ஜாமே விமானம் ஏறினார்.

அதே எக்கோவாஸ் 2023-ல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எல்லையை மூடியது, படை அனுப்புவோம் என்றது. நைஜீரியா மின்சாரத்தையும் நிறுத்தியது. கஷ்டப்பட்டது சாதாரண ஜனங்கள்தான், தளபதிகள் அசையவில்லை. கடைசியில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் அமைப்பை விட்டே வெளியேறின.

அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? காம்பியா செனகலின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி நாடு, நைஜர் பரந்த பாலைவனம் என்பார்கள். சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது வேறு. ஜாமேயை இறக்கக் கடைசி நேரத்தில் தூது போன கினியா அதிபர் ஆல்ஃபா கோண்டே, 2020-ல் அரசியல் சாசனத்தை மாற்றி மூன்றாவது முறை நின்றார். ஐவரி கோஸ்ட் அதிபர் வட்டாராவும் 2016-ல் வந்த புதிய சாசனத்தைக் காட்டி அதே 2020-ல் மூன்றாவது முறை நின்றார். எக்கோவாஸிடமிருந்து தடை இல்லை, இடைநீக்கம் இல்லை. 2021-ல் ராணுவம் கோண்டேயைத் தூக்கியதும் மட்டும் கினியாவை உடனே இடைநீக்கம் செய்தார்கள். கினியா தலைநகர் கொனாக்ரியின் தெருக்களில் மக்கள் ராணுவ வண்டிகளைக் கைதட்டி வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ராணுவ ஆட்சியை ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் எங்கிருந்து வந்தது என்று எக்கோவாஸ் தலைவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

விதி இல்லாமல் இல்லை. தேர்தலுக்கு முந்தைய 6 மாதத்தில் பெரும்பாலான அரசியல் தரப்புகளின் சம்மதம் இல்லாமல் தேர்தல் சட்டத்தில் பெரிய மாற்றம் செய்யக் கூடாது என்று 2001-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 6 மாதத்துக்கு முன்னாலேயே மாற்றிக்கொள்ளத் தெரியாதா என்ன! அதிபருக்கு இரண்டு தவணைதான் என்ற யோசனை 2015-ல் கானா தலைநகர் அக்ராவில் நடந்த எக்கோவாஸ் மாநாட்டுக்கு வந்தது. டோகோவும் ஜாமேயின் காம்பியாவும் எதிர்த்தன. அப்படியே மூட்டை கட்டினார்கள். அதை மறுபடி எடுக்காமல் படை, தடை என்று பேசுவது வீண் வேலை.

அப்புறம் பாரோ. மூன்று வருடம்தான் இருப்பேன் என்று வந்தவர், ஐந்து வருடமும் இருந்து 2021-ல் மறுபடி ஜெயித்தார். தவணை வரம்பு வைத்த புதிய அரசியல் சாசன வரைவு 2020-ல் நாடாளுமன்றத்தில் தோற்றது, எதிர்த்து வாக்களித்தவர்கள் அவருடைய ஆதரவாளர்கள். இப்போது மூன்றாவது முறைக்கும் அவர் தயார்.