50 ரூபாய்ச் சீட்டும் 112 படிகளும்

போன ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு முன்னாலேயே என்னிடம் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கிவிட்டார்கள். காலை ஏழரை மணி இருக்கும். ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. எங்கள் மலையின் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டமான வர்க்கித் தட்டுகளை ஆம்னி வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கையில் மஞ்சள் சீட்டு.

"அண்ணா, ஐம்பது ரூபாய்."

"தம்பி, இது என் கடை. சரக்கு இறக்குகிறேன். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவேன்."

"தெரியும் அண்ணா. இன்றைக்கு மேஸ்திரி வந்து நிற்கிறார். வண்டியையும் சீட்டையும் எண்ணுவார். குறைந்தால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்."

கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பிள்ளை. சீசன் முடிகிறவரை காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை ரோட்டில் நிற்க வேண்டும். காலில் ஊறிப்போன கான்வாஸ் ஷூ. ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் கொடுத்தேன். காசு எடுத்தான், வேண்டாம் என்றேன். அன்றைய போணி எனக்கு நஷ்டத்தில் தொடங்கியது.

இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டைப் படித்தேன். அச்சில் இருந்த 30ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 50 என்று எழுதியிருந்தார்கள். தேதிக்கான இடம் காலி. வண்டி எண்ணுக்கான இடத்தில் ஒரு சாய்ந்த கோடு. நேரத்துக்குக் கட்டமே கிடையாது. ஐந்து நிமிடம் நின்றாலும் ஐந்து மணி நேரம் நின்றாலும் ஒரே விலை. கடைசி வரி மட்டும் பளிச்சென்று அச்சாகியிருந்தது: வாகனத்துக்கும் அதிலுள்ள பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.

பின்னே எதற்குத்தான் பொறுப்பு என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நீலகிரியில் ஒரு நகராட்சி, அவ்வளவு போதும். கடை தெரிந்தவர்களுக்கு ஊரும் தெரியும்.

கடைவீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு 112 படிகள். மலையில் குடியிருக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே தெரு என்றால் பாதி இடங்களில் படிக்கட்டுதான். ரேஷன் அரிசியும் கேஸ் சிலிண்டரும் அதன் வழியாகத்தான் தோளில் ஏறுகின்றன. பிரசவ வலி கண்டவரும் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும், இறந்தவரும் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். கைப்பிடிக் குழாய் 40ஆவது படியோடு நின்றுவிடுகிறது. மேலே ஒரு காலத்தில் குழாய் இருந்ததற்குச் சாட்சியாகச் சிமென்டில் துளைகள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் விளக்கு, ஜூனில் தென்மேற்குப் பருவமழையின் முதல் காற்றுக்கு அணைந்தது. இப்போது அக்டோபர்.

சில வருடங்களுக்கு முன்பு மேம்பாடு என்ற பெயரில் கருங்கல் படிகளைப் பெயர்த்துவிட்டு இன்டர்லாக் கல் பதித்தார்கள். புதிதில் அழகாகத்தான் இருந்தது, நானும் மகளை நிறுத்திப் போட்டோ எடுத்தேன். இரண்டு மழைக்காலம் போனதும் பாசி படிந்து சோப்புக் கட்டியைப் போல ஆகிவிட்டது. பழைய கருங்கல்லில் உளி கொத்திய தடம் இருக்கும், செருப்பு பிடித்து நிற்கும். அந்தக் கல்லெல்லாம் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நல்ல கல் அது.

இருட்டில் தடுக்கி விழுவது ஒன்றுதான் பயம் என்று நினைக்க வேண்டாம். காட்டுமாடு படியோரம் படுத்திருக்கும். அதன் கறுத்த உடம்பு பத்தடி தூரத்தில்கூடக் கண்ணுக்குப் படாது, மூச்சு விடும் சத்தம்தான் முதலில் கேட்கும். கரடி எண்ணெய் மணத்துக்கு வரும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கடைக் கதவை உடைத்தது, கோயிலுக்குள் புகுந்து விளக்கிலிருந்த எண்ணெயைக் குடித்தது என்று எத்தனை செய்திகள் படித்திருப்போம். நாள் முழுக்க வர்க்கி விற்பவனின் சட்டையில் என்ன மணம் வீசும் என்று யோசித்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடையை அடைத்துவிட்டுப் படியேறும்போது சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே போகிறேன். எனக்குப் பாட்டு வராது. அக்கம்பக்கத்தாருக்கு அது ஒரு தனிக் கஷ்டம்.

அம்மாவுக்கு 74 வயது. ஆறு மணிக்கு மேல் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு அக்கா, தன் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்துப் படிக்கட்டுக்கு ஒரு பல்பு போட்டிருக்கிறார். விளக்குக்காக நானும் நான்கு முறை நடந்துவிட்டேன். மின்வாரியத்தில் கம்பம் எங்களுடையது, விளக்கு நகராட்சியுடையது என்றார்கள். நகராட்சியில் விளக்கு எங்களுடையதுதான், லைன் மின்வாரியம் பார்க்க வேண்டும் என்றார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான், நீட்டவில்லை.

நீட்ட வேண்டியது வேறு. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வேலைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டார்கள். அதில் 17ஆவது இனத்தை எடுத்துப் பாருங்கள். தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன. எழுதியவர்களுக்கு அவை ஒரே வேலையின் உறுப்புகளாகத் தெரிந்திருக்கின்றன. எங்கள் ஊரில் அந்த வரியைக் கத்தரித்துவிட்டார்கள். வாகன நிறுத்தம் ஏலத்துக்குப் போய்விட்டது. விளக்கை ஏலம் எடுக்க ஆள் இல்லை, அது நகராட்சியிடமே தங்கிவிட்டது.

ஏலம் எப்படி வேலை செய்கிறது என்று கடைக்காரன் கணக்கிலேயே சொல்கிறேன். ஒருவர் ஒரு வருடத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்று குத்தகை எடுக்கிறார். நகராட்சிக்குத் தொகை முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது, அலைச்சல் இல்லை. குத்தகைக்காரருக்கோ அந்தத் தொகையை எடுக்கும் வரை தூக்கம் கிடையாது. இங்கே வண்டி வருவது ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர், நடுவில் சில விடுமுறைகள். ஜூலை மழையில் ஈ காக்கை வராது. ஆகவே வருடம் முழுவதற்குமான பணத்தை அந்தச் சில மாதங்களில் எடுத்தாக வேண்டும். ஒரு வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு வரிசை வரும். நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறும், பிறகு இரண்டு சக்கரமும் ஏறும். வளைவில் நிறுத்துவார்கள், சாக்கடை மூடி மேல் நிறுத்துவார்கள், மூடி உடையும். உடைந்த மூடியை மாற்றுவது யார் செலவு? குத்தகைக்காரர் செலவு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள் நடுரோட்டில் இறங்கி நடப்பார்கள். இதில் யாரும் தனியாகக் கெட்டவர் இல்லை. குத்தகைக்காரரின் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். மலையடிவாரத்துக் கல்லாறில் நின்று வண்டியைக் குறை என்கிறது நீதிமன்றம். கடைவீதியில் வண்டி கூடினால்தான் அடுத்த வருடம் ஏலம் ஏறும் என்று காத்திருக்கிறது நகராட்சி. ஒரே மலைக்கு இரண்டு கணக்கு.

இப்போது என் யோக்கியதை. இ-பாஸை எதிர்த்து 2025 ஏப்ரல் 2ஆம் தேதி நீலகிரியில் கடையடைப்பு நடந்ததே, அன்று நானும் ஷட்டரை இறக்கினேன். வண்டி வராவிட்டால் என் வர்க்கியை யார் வாங்குவார்கள் என்ற பயம்தான். அதைவிட மோசம், பதினைந்து வருடங்களாக என் ஆம்னி வேன் காலையிலிருந்து இரவு வரை கடை வாசலிலேயே நின்றது. டி.என்.43 நம்பர், உள்ளூர்க்காரன், யார் கேட்பது என்ற திமிர். வாடிக்கையாளர் நிறுத்த இடமில்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார், அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது நானேதான். எங்கள் வரிசையில் 14 கடைகள். போன மாதம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மதியம் 12 மணிக்குக் கடை வாசல்களில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் எங்களுடையவைதான். சுற்றுலாப் பயணிகளைத் திட்டுவது எளிது.

ஆகவே கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் அதிகமாக வாங்குங்கள், மணிக்கணக்கில் வாங்குங்கள், என்னிடமும் வாங்குங்கள். கடைவீதியில் முதல் அரை மணி நேரம் குறைவாக, அப்புறம் மணிக்கு மணி ஏறும்படி வைத்தால் என் வேன் முதல் நாளே இடத்தைக் காலி செய்யும். ஊர் எல்லையில் நிறுத்துகிறவருக்கு மலிவாக வைத்து, அங்கிருந்து அடிக்கடி பஸ் விட்டால் குடும்பத்தோடு வருகிறவர்கள் மகிழ்ச்சியாக அங்கேயே நிறுத்துவார்கள். ஆனால் வாங்கிய பணம் வாங்கிய தெருவில் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பாசடீனா என்ற ஊரில் 1993இல் இதைச் செய்தார்கள். பழைய கடைவீதியில் மீட்டர் வைக்கப் போனபோது அங்கிருந்த வியாபாரிகள் எங்களைப் போலவே குதித்தார்கள். மீட்டர் பணம் இந்தக் கடைவீதிக்கே திரும்பி வரும் என்று நகர நிர்வாகம் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். நடைபாதை, விளக்கு, மரம், துப்புரவு எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. பாழடைந்து கிடந்த வீதிக்குக் கூட்டம் திரும்பியது. பணக்கார நாடு, சமதள ஊர், நமக்கும் அவர்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பீர்கள். சரி. ஆனால் தெருவில் எடுத்ததைத் தெருவில் போடுவதற்கு டாலர் தேவையில்லை.

நம் ஊரில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 30 நாளில் வர வேண்டிய பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. குத்தகைத் தொகை பொது நிதியில் வரவு வைக்கப்பட்டுள்ளது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்விக்கு, அவ்வாறு தனியாகக் கணக்கு பராமரிக்கப்படவில்லை. பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அப்படியொரு கணக்கு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் கவுன்சிலரிடம் பேசினேன். நல்ல மனிதர், பக்கத்து வரிசையில்தான் வீடு, அவரும் இதே படியில்தான் ஏறுகிறார். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். அந்த நாளில் குறை சொல்லக்கூட ஆளில்லை. இவர் காது கொடுத்தாவது கேட்கிறார். அவர் சொன்ன நியாயத்தையும் எழுதிவிடுகிறேன்.

"அண்ணா, குத்தகையை எடுத்துவிட்டு நகராட்சியே வசூலித்தால் ஆள் எங்கே? துப்புரவுக்கே ஆள் போதவில்லை. நம் ஆளே வசூலித்தால் பாதி பணம் பாதி வழியில் காணாமல் போகும் என்று நீங்களே நாளைக்குப் பதிவு போடுவீர்கள்."

போடுவேன்தான். ஆனால் பஸ் கண்டக்டர் கையில் ஒரு மிஷின் இருக்கிறது, நேரமும் தொகையும் அச்சாகி வருகிறது, டெப்போவில் கணக்கு நிற்கிறது. அந்த மிஷினை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்து, வசூலுக்குச் சம்பளம் மட்டும் தரட்டும். எத்தனை வண்டி நின்றாலும் அவர்களுக்கு ஒரே சம்பளம் என்றால் நடைபாதையில் வண்டியை ஏற்ற அவர்களுக்கு என்ன அவசரம்? அவர்களும் அதே நடைபாதையில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

பல அடுக்கு நிறுத்துமிடம் கட்டினால் எல்லாம் தீரும் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசினார், கைதட்டலும் வாங்கினார். இந்த மாவட்டத்தில் வீட்டை 7 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. 2009 நவம்பர் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மலை இது. நாம் வீட்டின் மேல் ஓர் அறை எடுக்க நடையாய் நடக்கிறோம், கார்களுக்கு மாடி வேண்டுமாம்.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் உள்ளாட்சி தினத்தில், கிராம சபை மாதிரி வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூட்டுகிறார்கள். வருகிற நவம்பர் 1 அன்று எங்கள் வார்டிலும் கூட்டினால் கொடுப்பதற்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே கோரிக்கை. வாகன நிறுத்தக் கட்டணத்துக்குத் தனிக் கணக்கு. மாதாமாதம் வரவையும் செலவையும் கடைவீதியில் ஒரு பலகையில் எழுதி வைப்பது. அந்தக் கணக்கிலிருந்து முதல் செலவு படிக்கட்டு விளக்கும் கைப்பிடியும். எதிர்வீட்டு அக்கா நான்காவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார்: அவருடைய பல்புக்கு ஆன கரண்ட் பில். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பில்லைக் கையிலேயே வைத்திருந்தார். சேர்த்துவிட்டேன்.

இதுவரை 31 கையெழுத்து வந்திருக்கிறது. எங்கள் கடை வரிசையில் ஒன்பது பேர் போட்டுவிட்டார்கள், ஐந்து பேர் யோசிக்கிறார்கள். அவர்கள் வண்டியெல்லாம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. என் வேனை ஒரு வாரமாகப் பெட்ரோல் பங்க் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். முழங்கால் வலிக்கிறது.

கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பகலில் கடைக்கு வரலாம். இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டுக்கும் வரலாம், டார்ச் கொண்டுவாருங்கள். 47ஆவது படியில் ஒரு கல் ஆடுகிறது, இடப்பக்கம் ஒதுங்கி ஏறுங்கள்.