‘யாருங்க அந்தப் பொண்ணு?’ என்று இன்பாக்ஸில் கேட்ட பெரியவர்களுக்கு

சனிக்கிழமை பிள்ளைகளின் பள்ளியில் நடந்த கூட்டத்தைப் பற்றி முந்தாநாள் ஏழே ஏழு வரிதான் எழுதினேன். இன்பாக்ஸில் பத்தொன்பது பேர் வந்துவிட்டீர்கள். அதில் பதினாலு பேருக்கு ஒரே கேள்வி. "யாருங்க அந்தப் பொண்ணு? எந்த ஏரியாங்க?" அந்தப் பதினாலில் பன்னிரண்டு பேர் ஆண்கள். எல்லாருக்கும் ரொம்ப அக்கறை.

சொல்ல மாட்டேன். அந்த மனிதர் மைக்கில் சொன்ன அடையாளங்களை இங்கே திருப்பி எழுதினால் அவர் வேலையைத்தான் நானும் செய்தவளாவேன். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கு இது போதும்: பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு என்று பேனர் கட்டி, பெற்றோரை வரச்சொல்லி, ஒருவரைப் பேச வைத்தார்கள். நம் ஊரிலேயே ஒரு பெண் பிள்ளைக்கு நடந்த ஒன்றை அவர் உதாரணமாக எடுத்தார். பெயர் சொல்லவில்லை, அவ்வளவு கண்ணியம். என்ன வகுப்பு என்று சொன்னார். அப்பாவுக்கு என்ன வேலை என்று சொன்னார். வீடு எதற்குப் பின்னால் என்றும் சொன்னார். பெயரை மட்டும் விட்டுவிட்டார். நூத்துச் சொச்சம் தலைகள் ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகத் திரும்பின. அந்தப் பிள்ளையின் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் 23-ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி என எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது. பள்ளிக்கூட மைக் ஊடகத்தில் சேருமா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது அந்த அம்மா தலையைக் குனிந்து முந்தானை நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தது மட்டும்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? அந்தப் பிள்ளை தானாக வீட்டில் வந்து சொல்லியிருக்கிறது. அந்த அம்மா மூடி மறைக்காமல் போலீசுக்குப் போயிருக்கிறார். நாம் பேனர் கட்டிக் கேட்டுக்கொள்வது இதைத்தானே? சொன்னார்கள். சொன்னதற்குக் கிடைத்த பரிசு, ஊரே திரும்பிப் பார்த்தது. அங்கே உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்கள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? ‘நம்ம வீட்டுல எதாச்சும் நடந்தா வாயைத் தொறக்கக்கூடாது.’ இதைத்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம், முடிவில் சுண்டல்.

சொன்னவருக்கே அடி விழுந்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார். என்னைக் கேட்டால் இணையப் பாதுகாப்பில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அடித்தவள்.

(இனி வருவது என் பையன் கதை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.)

2020-இல் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். என் தோட்டை அடகு வைத்து எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு போன் வாங்கினேன். அப்போது அவன் நான்காம் வகுப்பு. பள்ளி திறந்த பிறகும் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏழாவது படிக்கும்போது ஒரு ராத்திரி, நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, கேம்ல ஒரு அண்ணன் டைமண்டு தர்றாரு. போட்டோ கேக்குறாரு. சட்டை போடாம வேணுமாம்."

டைமண்டு என்றால் கேமுக்குள் செல்லுகிற காசு மாதிரி. பிள்ளை சொல்லிவிட்டான். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓங்கி ஒரு அறை. போனைப் பிடுங்கி, கேமை அழித்து, சிம்மை உடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவன் என் அம்மாவின் போனுக்குப் போய்விட்டான். அதே கணக்கு, அதே அண்ணன். மூன்று மாதம் எனக்குத் தெரியாது. என் நாத்தனார் எதேச்சையாக அந்தப் போனை வாங்கிப் பார்த்ததில்தான் வெளியே வந்தது. அந்த ஆள் பையனை எப்படி மிரட்டி வைத்திருந்தான் என்று நினைக்கிறீர்கள்? கொன்றுவிடுவேன் என்றா? இல்லை. "அனுப்பலைன்னா உங்கம்மாகிட்ட சொல்லிருவேன்." அவ்வளவுதான். எங்கோ உட்கார்ந்திருந்த ஒருவன் என் பிள்ளையை மூன்று மாதம் ஆட்டிவைக்க என் பெயர் போதுமானதாக இருந்தது.

இந்த வரியை டைப் செய்யவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த போலீஸ் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பழைய மெசேஜ் இருக்காம்மா?" எங்கே இருக்கும்? அதைத்தான் வீராவேசமாக அழித்துவிட்டேனே. அன்றைக்குத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். அந்த ஆளின் பெயர், ஐடி, நம்பர், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். ஆனால் பிள்ளையின் படம் எதுவும் இருந்தால் அதை மச்சானுக்கும் மாமாவுக்கும் ‘இது யாருன்னு பாருங்க’ என்று ஃபார்வேர்டு செய்யவே கூடாது. நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் அது குற்றத்தில் போய் நிற்கும். போனை அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். குழந்தைகளுக்கு 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். எல்லாரும் சொல்கிற 1930 முக்கியமாகப் பணம் பறிபோனால் கூப்பிடுவதற்கு. அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் கொடுக்காமலே பதியலாம். படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு அமெரிக்க அமைப்பு 2022 முதல் நடத்துகிறது, காசு கிடையாது. படத்தை அவர்களுக்கு அனுப்பவே தேவையில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி குறியீடு எடுத்து, அதை மட்டும் அனுப்பி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி இடங்களில் தடுக்கப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பேசினார்களே, இதில் ஒன்றாவது சொன்னார்களா? ஒரு அம்மாவின் போனையாவது கையில் வாங்கி ‘இங்கே அழுத்துங்க’ என்று காட்டினார்களா? வாட்ஸப்பில் முன்பின் தெரியாதவர்கள் நம்மைக் குரூப்பில் சேர்க்காமல் இருக்க தனியுரிமை என்ற இடத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். அரை நிமிஷ வேலை. எங்கள் லைனில் எட்டு வீடு, எட்டிலும் அது ‘எல்லோரும்’ என்றுதான் இருந்தது. நான் போய் மாற்றினேன். அந்தப் பேச்சாளர் சொன்னதெல்லாம், "அம்மாக்கள் சீரியல் பாத்துட்டு உக்காந்தா பிள்ளைங்க இப்படித்தான் போகும்." சார், சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள். அன்றைக்கு அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தோம். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வீட்டுக்கு வருகிறவளுக்கு எந்த சீரியல்? ஒடிசாக்கார அக்கா ஒருத்தர் மூன்று பிள்ளைகளோடு கடைசி வரிசையில் இருந்தார், அவருக்கு நீங்கள் பேசிய தமிழில் பாதி புரியவில்லை. திட்டுகிறீர்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"அவர் நல்ல எண்ணத்துல சொன்னாருங்க" என்கிறீர்கள். இருக்கட்டும்.

"உதாரணம் சொன்னாத்தான் உறைக்கும்." சரி, சொல்லுங்கள். ஊரை மாற்றுங்கள், வகுப்பை மாற்றுங்கள், பெண்ணைப் பையனாக்குங்கள். என் கதையைச் சொல்லுங்கள், தாராளமாக அனுமதி தருகிறேன். பேய்க் கதை சொல்லும்போது எவ்வளவு கற்பனை செய்கிறோம், இதற்கு மட்டும் உண்மை விலாசம் எதற்கு?

"போனையே குடுக்காதீங்க" என்று நேற்றுக் கமெண்டில் ஒரு அண்ணா. அண்ணா, வீட்டுப்பாடம், பரீட்சை டைம்டேபிள், நாளைக்கு லீவா இல்லையா என்பது எல்லாம் அதே பள்ளியின் வாட்ஸப் குரூப்பில்தான் வருகிறது. புறாக் காலில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள், நாளைக்கே போனை விற்றுவிடுகிறேன்.

"ஆஸ்திரேலியா மாதிரி தடை போடணும்." அதையும் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசுவோம். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு கூடாது. மீறினால் அபராதம் அம்மாவுக்கு இல்லை, பிள்ளைக்கும் இல்லை, கம்பெனிக்கு. கிட்டத்தட்ட ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம். தடை பலிக்குமா என்பது வேறு பேச்சு. யாரைக் கேள்வி கேட்கவேண்டுமோ அவர்களைக் கேட்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதினெட்டுக்குக் கீழ் என்றால் பிள்ளையின் விவரங்களைக் கம்பெனிகள் எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நல்லது. ஆனால் எங்கள் வீட்டில் பாட்டியின் போனுக்கு ஓடிபி வந்தால் அதைப் படித்துப் போட்டுக்கொடுப்பதே பேரன்தான். ‘கண்ணு, இதுல என்னமோ நம்பர் வந்திருக்குது’ என்று அவனிடமே நீட்டுவார். சம்மதம் தாராளமாகக் கிடைக்கும்.

இன்ஸ்டாகிராமிலும் பதின்வயதினருக்குத் தனிக் கணக்கு வந்துவிட்டது. தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, பதினாறுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புக்கொண்டால்தான் தளர்த்த முடியும். நல்ல ஏற்பாடு, பிறந்த வருஷத்தை ஒழுங்காகப் போட்டிருந்தால். என் பையன் 1998 என்று போட்டிருந்தான். அந்த வருஷம் எனக்கே பதினாலு வயது.

"தினமும் செக் பண்ணுங்க." பண்ணுகிறேன். கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் பார்த்தான், புது ஆப் இறக்கக் கேட்கிறானா என்று காட்டும், ராத்திரி போனைப் பூட்டும். யாரோடு என்ன பேசினான் என்று காட்டாது. அதை எந்த ஆப்பும் சொல்ல வேண்டாம், அவன் வாயால் வரவேண்டும். வந்தபோது நான் அறைந்தேன். மறுபடி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: எதைச் சொன்னாலும் அன்றைக்குப் போன் பிடுங்கப்படாது. கை நீளாது. கத்துவேன், அது மட்டும் முடியவில்லை. அவனும் ‘கத்திக்கோம்மா’ என்று விட்டுவிட்டான்.

‘நீயே அடிச்சவதானே, அவரைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை’ என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். நியாயம். யோக்கியதை இல்லை. ஆனால் நான் அடித்தது என் சமையல்கட்டில், அவர் அடித்தது மைக் வைத்து. ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று தோன்றுகிறதா? அந்த அம்மா திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

இன்னொன்று. அன்றைக்குக் கூட்டத்தில் அப்பாக்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன், ஒன்பது. அதில் இரண்டு பேர் வண்டியில் கொண்டுவந்து விட்டதால் நின்றவர்கள். பிள்ளை மார்க் எடுத்தால் ‘என் பையன்’, போனைப் பார்த்தால் ‘உன் பையன்’. என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். கூட்டத்துக்கு வர நேரம் இல்லாத ஆண்களுக்கு இன்பாக்ஸில் வந்து ‘யாருங்க அந்தப் பொண்ணு’ என்று கேட்க மட்டும் நேரம் இருக்கிறது.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகளை மேடையில் ஏற்றி, பேச்சாளரோடு குரூப் போட்டோ. ராத்திரிக்குள் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏற்றியாகிவிட்டது. பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் வரிசையாக. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தலைப்பு: இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு. எடுக்கச் சொல்லி எழுதினேன், ஒரு கும்பிடு எமோஜி வந்தது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வருகிற ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் லைன் வீட்டு வாசலில் இருப்பேன். நம் ஆட்கள் யார் வேண்டுமானாலும் போனோடு வரலாம். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொருவர் போனிலும் மாற்றிக்கொடுக்கிறேன். தெரியாததை என் பையன் காட்டுவான், எனக்கே அவன்தான் காட்டினான். ஒடிசா அக்காவுக்கு இந்தியில் சொல்ல பேக்கிங்கில் வேலை பார்க்கிற ஒரு தம்பி வருகிறேன் என்றிருக்கிறான். அப்பாக்களும் வரலாம், தடையில்லை. என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்று அங்கே யாரும் யாரையும் கேட்கக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

டீ நான் போடுகிறேன். சார்ஜர் அவரவர் கொண்டு வாங்க.