கருத்துச் சொன்னால் மேடையைப் பறிப்பதா?

நடிகனுக்கும் பாட்டுக்காரனுக்கும் அரசியல் எதற்கு, வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று எழுதுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று இருக்கிறது. அதை நம் திருகோணமலைக்காரர்களே எழுதும்போது மனம் பொறுக்கவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதைப் படம் எடுத்துக் காட்டியவர் ஊடகவியலாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுவிட்டார்கள். வாயை மூடு என்ற சொல் எங்கே போய் முடியும் என்பதை இந்த ஊருக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சினிமாக்காரர் நமக்காகப் பேசியபோது நாம் இப்படிக் கேட்டோமா? 2008 ஒக்டோபரில் இராமேஸ்வரத்தில் தமிழ்த் திரையுலகம் திரண்டது. அங்கே பேசிய பேச்சுக்காக இயக்குநர்கள் சீமானும் அமீரும் கைதானார்கள். நவம்பர் 1ஆம் திகதி சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தச் செய்திக்காக இங்கே எத்தனை பேர் வானொலிக்குப் பக்கத்தில் காத்திருந்தோம்! 2009இல் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த அந்தப் பிள்ளை, வன்னியில் சனம் சாகிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னாள். உடனே பயங்கரவாத ஆதரவாளர் என்று முத்திரை குத்தினார்கள். பாட்டுக்காரிக்கு என்ன தெரியும், லண்டனில் வளர்ந்தவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். அந்த ஏச்சு நமக்குச் சுட்டது.

சரி, இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன், போர் முடிந்த 2009ஐப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் எனக்கு வலித்தன, இன்றும் வலிக்கின்றன. அவருடைய வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதற்கு 2020இல் எதிர்ப்பு எழுந்தபோது, வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதைச் சொன்னதில் இப்போதும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ரசிகனுக்குக் கோபப்பட உரிமை உண்டு, படத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. ஆனால் அந்த நடிகரின் சின்ன மகளுக்குப் பாலியல் வன்முறை மிரட்டல் எழுதினான் ஒருவன். இலங்கையிலிருந்து எழுதியவன் என்று தெரியவந்தது, பிறகு மன்னிப்புக் கேட்டான். நம் வலியின் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையை மிரட்டியிருக்கிறான். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. அன்று அந்தப் பதிவைக் கண்டும் காணாமல் போன பெரிய மனிதர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

முரளிதரனே கேட்டுக்கொண்டதால் சேதுபதி விலகினார். படம் வேறொருவரை வைத்து 2023இல் வந்தது.

2003இல் டிக்ஸி சிக்ஸ் (Dixie Chicks) என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகிகளுக்கும் இதே கதைதான். ஈராக் போர் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னர், லண்டன் மேடையில் அவர்களில் ஒருவர் தங்கள் ஜனாதிபதி புஷ்ஷைக் குறைசொல்லி ஒரு வசனம் சொன்னார். அமெரிக்க வானொலிகள் அவர்களின் பாட்டையே நிறுத்தின. கொலை மிரட்டலும் வந்தது.

இவர்களுக்காவது பணம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். நான் உண்மையில் கவலைப்படுவது நம் ஊர் மேடைக்காரர்களைப் பற்றித்தான். திருவிழா இரவில் பாடுகிற இசைக்குழுப் பிள்ளைகள், அறிவிப்பாளர்கள், கூத்துக்காரர்கள். இங்கே ஒரு பாடகன் ஒரே கிழமையில் கோயிலிலும் பாடுவான், கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் கல்யாண வீட்டிலும் பாடுவான், சிங்கள நண்பர்களின் விருந்திலும் பாடுவான். மூன்று சமூகத்தையும் நம்பித்தான் அவன் அடுப்பு எரிகிறது. அவன் காணிப் பிரச்சினையைப் பற்றி நாலு வரி எழுதினால் ஒரு பக்கம் துரோகி என்கிறது, மறுபக்கம் இனவாதி என்கிறது. எழுதாமல் இருந்தால், மக்களின் காசில் வாழ்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை என்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. பேசிவைத்த நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. ஏன் என்று யாரும் நேரே சொல்லவில்லை, "அடுத்த முறை பார்ப்போம் தம்பி" என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார்கள். அவன் எழுதிய விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அதை அவனிடமே சொன்னேன், அவனும் பொறுமையாகப் பதில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் முகநூலில் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும் தவிர எதுவும் வருவதில்லை.

ஒருவன் சொன்னது பிழை என்றால் எது பிழை, ஏன் பிழை என்று எழுதுங்கள். கடுமையாகவே எழுதுங்கள். அவன் மனைவியின் படத்தை எடுத்துப் போடாதீர்கள், பிள்ளையின் பெயரை இழுக்காதீர்கள், அவனைக் கூப்பிடாதே என்று கோயில் நிர்வாகசபைக்கு இரகசியமாகத் தொலைபேசி எடுக்காதீர்கள்.

திருவிழாக்களுக்கு இசைக்குழு பேசப்போகிற நிர்வாகசபைக்காரர்கள் என் நட்பு வட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவனுடைய குரல் பிடித்திருந்தால் இந்த முறை அவனைக் கூப்பிடுங்கள்.