அடுப்பை அணைத்த பிறகு

(பூங்கா பெஞ்சு. கோபாலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது; வீட்டில் தினமும் அவர்தான் சமையல். ரமேஷுக்கு அண்மையில்தான் சமையல் ஆசை பிடித்திருக்கிறது. பிடித்திருக்கும் வேகத்தைப் பார்த்தால் லேசில் விடாது போலிருக்கிறது.)

ரமேஷ்: அண்ணே, இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். சமையல் நான்.

கோபால்: பேஷ்! எத்தனை மணிக்கு வரட்டும்?

ரமேஷ்: மதியச் சாப்பாடுதான். ஒரு நாலு மணிக்கு வந்துவிடுங்கள்.

கோபால்: மதியச் சாப்பாடு நாலு மணிக்கா?

ரமேஷ்: என்ன செய்வது? வெங்காயத்துக்கே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. சமையல் குறிப்பில் ‘ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்று கூசாமல் எழுதிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் துவளும், அவ்வளவுதான்.

கோபால்: அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தை நம்பி எத்தனையோ பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரமேஷ்: காரணம் கேளுங்கள். ஈரம் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். மயார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் 1912-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் கொடுக்கின்றன.

கோபால்: எழுதினார் சரி. அவர் வீட்டில் அடுப்படியில் யார் நின்றார்கள்?

ரமேஷ்: அதையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையில் போட மாட்டார்கள் அண்ணே. சூட்டைச் சரியாகப் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன்.

கோபால்: நான்கூட வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்தேன்.

ரமேஷ்: கிண்டல் செய்யாதீர்கள். நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கோபால்: காதால். ஈரத்தோடு எண்ணெயில் போட்டதும் சடசடவென்று ஊரைக் கூட்டும். ஈரம் போகப் போகச் சத்தம் சன்னமாகும். சன்னமாகிவிட்டால் இனி நிறம் ஏறப்போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எடுக்கக் கூடாது. எடுத்தால் கருகல்தான்.

ரமேஷ்: சொந்தக்காரர்கள் கூப்பிட்டால்?

கோபால்: அவர்கள் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

(இந்த இடத்தில் ரமேஷ் போனில் ‘சத்தம் சன்னமானால் கவனம்’ என்று குறித்துக்கொள்கிறார். தெர்மாமீட்டரை விற்கும் எண்ணம் மட்டும் இல்லை.)

ரமேஷ்: போன வாரம் உருளைக்கிழங்கு வறுத்தேன் அண்ணே. வெட்டிக் கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, வாணலியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, கரண்டி போடாமல் விட்டுவிட்டேன். முதலில் அடியில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. நானும் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுக்கொடுத்தது. புரட்டினால் அடிப்பக்கம் முழுக்க ஒரே நிறம்! அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபால்: தங்கச்சி என்ன சொன்னாள்?

ரமேஷ்: ‘பார்த்தது போதும், தட்டில் போடுங்கள்’ என்றாள்.

கோபால்: பாவம், அவளுக்குப் பசி. ஆனால் நீ செய்தது சரி. முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வைத்த நிமிடத்திலிருந்து கிண்டிக்கொண்டே இருப்பார்கள்.

ரமேஷ்: நல்ல கத்திகளாகப் பார்த்து ஒரு செட்டும் வாங்கிவிட்டேன்.

கோபால்: எதற்கு ஒரு செட்? சமைக்கப் போகிறாயா, படையெடுக்கப் போகிறாயா? ஒரே கத்தி, நன்றாகத் தீட்டியது, அது போதும். மொட்டைக் கத்திதான் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். கண்ணும் கூடுதலாக எரியும்.

ரமேஷ்: ஆமாம், அது எனக்குத் தெரியும்! மொட்டைக் கத்தி வெங்காயத்தை நசுக்கிவிடும். செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகப் பொருளும் கலந்து ஒரு வாயு கிளம்பும். அதுதான் கண்ணைக் கலங்கவைக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு ஜப்பான்காரர்கள் 2013-ல் இக் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது.

கோபால்: நான் எத்தனை வருஷமாக அழுகிறேன், ஒரு சான்றிதழ்கூட வரவில்லை. நறுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வெங்காயத்தைப் பிரிட்ஜில் வை, எரிச்சல் குறையும். அது போகட்டும், ஒன்று கேட்கிறேன். எல்லாம் சமைத்து முடித்தாயிற்று. அப்புறம்?

ரமேஷ்: அப்புறம் போட்டோ.

கோபால்: அப்புறம்?

ரமேஷ்: சாப்பாடு.

கோபால்: அதற்கும் அப்புறம்?

ரமேஷ்: நன்றாக இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்பேன். சரியாகப் பதில் சொல்லாதவர்களை இன்னொரு முறை கேட்பேன்.

கோபால்: அடுப்படியில் பாத்திரங்கள் என்று சில இருக்குமே, அவை?

ரமேஷ்: ...ஊறவைத்துவிடுவேன்.

கோபால்: எவ்வளவு நேரம்?

ரமேஷ்: யாராவது கழுவும் வரை.

கோபால்: அப்படி வா வழிக்கு.

ரமேஷ்: அண்ணே, காலங்காலமாக ஆண் சமையலுக்குத் தனி மரியாதை உண்டு. நளபாகம் என்கிறோம். பீமன்கூட விராட அரண்மனையில் சமையல்காரனாக இருந்தவன்தான். அவர்களிடம் யாராவது பாத்திரத்தைப் பற்றிக் கேட்டார்களா?

கோபால்: நளனுக்கு இருந்த வசதி உனக்கு இருக்கிறதா? அவன் பார்த்தாலே பாத்திரத்தில் தண்ணீர் நிறையும். ஒரு பிடி புல்லை வெயிலில் நீட்டினால் தீப் பற்றும். எல்லாம் வரம். தண்ணீர்க் கவலையும் அடுப்புக் கவலையும் இல்லையென்றால் நானும் பக்கத்து வீட்டு நளன்தான்.

ரமேஷ்: ஆனால் கைப்பக்குவம் அவனுடையதுதானே? அவன் சமைத்த கறியை வாயில் வைத்ததுமே தமயந்தி கண்டுபிடித்துவிட்டாளே!

கோபால்: உன் மனைவி வாயில் வைக்கவே வேண்டாம். அடுப்பு மேடையைப் பார்த்தாலே யார் சமைத்தது என்று சொல்லிவிடுவாள்.

ரமேஷ்: சரி, புராணத்தை விடுங்கள். பிரஷர் குக்கரைக் கண்டுபிடித்தது யார்? தெனி பாப்பன், ஆண்! 1679-லேயே மூடியை இறுக்கி, ஆவியை உள்ளே அடக்கி, எலும்பையே மெத்தென்று வேகவைத்துக் காட்டினார்.

கோபால்: பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது?

ரமேஷ்: அதுவும் யாராவது ஓர் ஆணாகத்தான்...

கோபால்: ஜோசபின் காக்ரேன். அமெரிக்கப் பெண்மணி. அதற்கு முன்னால் சில ஆண்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. இந்த அம்மா 1886-ல் காப்புரிமை வாங்கிய இயந்திரம்தான் உருப்படியாகக் கழுவியது.

ரமேஷ்: (கணக்குப் போட்டு) குக்கர் வந்து இருநூறு வருஷம் கழித்தா?

கோபால்: அந்த இருநூறு வருஷமும் ஊறிக்கொண்டுதான் இருந்தது.

(ரமேஷ் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய வீட்டுத் தொட்டியிலும் ஏதோ ஊறிக்கொண்டிருக்க வேண்டும்.)

ரமேஷ்: சரி, இந்த வாரம் கழுவியும் வைக்கிறேன். போதுமா?

கோபால்: ஞாயிறு கிடக்கட்டும். புதன்கிழமை ராத்திரி நீ சமைத்துப் பார். வேலை விட்டு வந்திருக்கிறாய். உடம்பு அசதி. பிரிட்ஜில் பாதி வெங்காயம், ரெண்டு முட்டை, நேற்று மிஞ்சிய சோறு, வாடிப்போன ஒரு கேரட். இப்போது சொல், என்ன செய்வாய்?

ரமேஷ்: கடைக்குப் போவேன்.

கோபால்: தோற்றாய்.

ரமேஷ்: நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோபால்: குளிர்ந்த சோறு உதிரி உதிரியாக இருக்கும், வறுக்கத் தோதானது. சட்டி நன்றாகக் காய்ந்ததும் வெங்காயம், கேரட், சோறு, கடைசியில் முட்டை. பத்து நிமிடம். ஒன்று மட்டும் ஞாபகம் வை. மிஞ்சிய சோற்றை ராத்திரி முழுக்க வெளியே விடக் கூடாது. கொதித்தும் சாகாத கிருமி அதில் உண்டு. வெளியே கிடந்தால் பெருகி நஞ்சைக் கக்கிவிடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சீக்கிரம் ஆறவைத்து உள்ளே எடுத்து வை.

ரமேஷ்: பத்து நிமிடத்தில் செய்தால் ரசிப்பது எப்போது?

கோபால்: ‘நேற்றைய சோறு என்று சொல்லவே முடியாது’ என்று பெரியவன் சொல்வான் பார், அப்போது. (குரல் லேசாகக் கம்முகிறது.) சொல்லாமலும் இருப்பான். தட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

(கோபாலின் போன் அடிக்கிறது.)

கோபால்: சொல்லும்மா... என்ன? நீ சமைக்கப் போகிறாயா? எதற்கு? நான் என்ன ஊருக்கா போய்விட்டேன்?... மூடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? நல்லது, அங்கேயே இருக்கட்டும்... அந்தச் சின்னச் சட்டியைத் தொடாதே! அதில் கரண்டி போட்டுச் சுரண்டக் கூடாது... உப்பு டப்பாவை எதற்கு இடம் மாற்றினாய்?... சரி சரி, எதையும் பற்றவைக்காதே, இதோ வந்துவிட்டேன்.

(போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறார். போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.)

ரமேஷ்: ஒரு வேளை அண்ணி சமைக்கட்டுமே! உங்களுக்கும் ஓய்வு.

கோபால்: உனக்குத் தெரியாது. வழி விடு.

ரமேஷ்: ஏன், அண்ணிக்குச் சமைக்க வராதா?

கோபால்: வரும், வரும். நல்லாவே வரும்.

ரமேஷ்: அப்புறம் என்ன பயம்?

கோபால்: பெரியவன் இன்னொரு கரண்டி கேட்டுத் தொலைத்தால்?