எஸ் இருந்தா வெள்ளி காசுன்னு சுத்துற மெசேஜ் தப்புங்க

கென்னடி அரை டாலர்ல (அமெரிக்க அதிபர் கென்னடி முகம் போட்ட 50 சென்ட் காசு) 'எஸ்' (S) எழுத்து இருந்தா அது சுத்த வெள்ளி, ப்ரூஃப்னா (சேகரிக்கறவங்களுக்குன்னு தனியா அடிக்கற காசு) அதான் டாப் கிரேடு, லட்சக்கணக்குல போகும்னு ஒரு மெசேஜ் சுத்துது. ரெண்டுமே தப்பு.

எஸ்னா சான் பிரான்சிஸ்கோ மின்ட்ல (காசு அடிக்கற அரசு ஆலை) அடிச்சதுன்னு மட்டும்தான் அர்த்தம். 1968–70 எஸ் ப்ரூஃப்ல வெள்ளி 40%தான், 1971லருந்து வழக்கமான ப்ரூஃப் செட்ல வர்றது செம்பு-நிக்கல், 1976ல தனியா ஒரு 40% வெள்ளி செட் வந்துச்சு, 1992லருந்து வெள்ளி ப்ரூஃப் செட் தனியா விக்கறாங்க. 90% வெள்ளியான 1964 ப்ரூஃப்ல எழுத்தே கிடையாது, அது பிலடெல்பியா மின்ட்ல அடிச்சது! வீட்லயே பாக்கலாம், ஓரத்துல செம்பு கலர் கோடு தெரிஞ்சா செம்பு-நிக்கல், எடை 11.34 கிராம். 90% வெள்ளின்னா 12.5 கிராம்.

ப்ரூஃப்ங்கறது கிரேடு இல்ல, பாலிஷ் பண்ண டைல (காசு அடிக்கற அச்சு) ஒரு தடவைக்கு மேல அழுத்தி அடிக்கற முறை. கிரேடு தனி, 70 வரைக்கும் போகும், சமீப வருஷங்கள்ல வந்த காசுல 69 சாதாரணமா கிடைக்குது. பழைய காசு சேகரிக்க ஆரம்பிக்கறவங்க தயவுசெஞ்சு காசை துடைச்சு பளபளப்பாக்காதீங்க, கிரேடு போயிடும்.

யுஎஸ் மின்ட் சைட்லயும் பிசிஜிஎஸ் (காசுக்கு கிரேடு போடற கம்பெனி) காயின்ஃபேக்ட்ஸ் சைட்லயும் வருஷம் போட்டு செக் பண்ணிக்கலாம். இதை நம்பி யாராவது காசு கொடுத்து ஏமாறப் போறாங்க, அந்த மெசேஜை இனிமே ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.