டயருக்குள் நைதரசன்: ஒரு திருத்தம்

“நைதரசன் வெப்பத்தில் விரிவடையாது, கொழும்பு வெயிலுக்குச் சாதாரணக் காற்று அடித்தால் டயர் வெடிக்கும்” ஆகவே டயருக்குக் காற்றுக்குப் பதில் நைதரசன்தான் நிரப்ப வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. சூடேறினால் எல்லா வாயுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரிவடையும். நைதரசனுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. அதோடு, நாம் ‘சாதாரணக் காற்று’ என்பதிலேயே 78 சதவீதம் நைதரசன்தான். கொழும்பின் காலி வீதி (Galle Road) டயர் கடைகளில் பணம் கொடுத்து நைதரசன் அடிப்பது மிச்சமிருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்காகத்தான்!

பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஒட்சிசன் இறப்பர் வழியே சற்று வேகமாகக் கசியும். ஆகவே நைதரசன் நிரப்பிய டயரில் அழுத்தம் கொஞ்சம் மெதுவாகக் குறையும். ஈரப்பதமும் இருக்காது. விமான டயர்களுக்கு நைதரசன் நிரப்புவதன் காரணம் வேறு: பிரேக் சூட்டில் தீக்குத் துணைபோக ஒட்சிசன் இருக்கக் கூடாது, உயரத்தில் உறைய நீராவியும் இருக்கக் கூடாது. முச்சக்கர வண்டிக்கு அந்தக் கவலை எதற்கு?

இன்னொன்று, கடை இயந்திரம் நைதரசனை ‘தயாரிப்பதில்லை’, காற்றிலிருந்து பிரித்தெடுக்கிறது. பெரிய ஆலைகளில் காற்றைக் குளிரூட்டித் திரவமாக்கிப் பிரிப்பார்கள்.  நைதரசன் நிரப்பிய டயரில் அழுத்தம் குறைந்தால் சாதாரணக் காற்றையே தாராளமாக அடிக்கலாம், இரண்டும் கலந்தால் ஒன்றும் ஆகாது.